ஐம்பத்தெட்டாவது சீட்டு

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்ட எல்லாம் குடுங்க சார். திங்கக்கிழமை எனக்கு வேணும்."

யோகலட்சுமி சொல்லிவிட்டாள். டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன பிரின்சிபால் சுந்தரமூர்த்தியின் கை பாதியிலேயே நின்றது. வாசலில் ஃபைலோடு நின்றிருந்த பியூன் கந்தன், இந்த இடத்தில் தனக்கு வேலையில்லை என்று புரிந்துகொண்டு ஃபைலோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கணக்குத் துறை பிரேமா யோகலட்சுமியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தாள். "இன்னா வேணா கேளு யோகா. லீவு கேளு, ஃபேன் கேளு, ஸ்டாஃப் ரூமுக்கு வேற நாற்காலி கேளு. ஒரிஜினல மட்டும் கேக்காத. கேட்டுட்டன்னா போவப்போறன்னு அர்த்தம். அப்புறம் போவவும் விட மாட்டாங்க, இருக்கவும் விட மாட்டாங்க."

வேலைக்குச் சேருகிறவர்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டாக்டர் பட்டம் வரை அசலாகக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். பிரின்சிபால் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ. அதற்குள் நாற்பத்தோரு பேருடைய படிப்பு அடுக்கி வைக்கப்பட்டு, சாவி அவருடைய இடுப்பில் தொங்கியது. யாரும் பாதி வருஷத்தில் விட்டுவிட்டு ஓடக்கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவதை இவ்வளவு நாசூக்காக வேறு எங்கும் செய்ய மாட்டார்கள் என்று யோகலட்சுமி பல தடவை நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதும் உண்டு.

அவள் சேர்ந்த அன்று அப்பா ஆறுமுகமும் கூட வந்திருந்தார். அம்மையார்குப்பத்தில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தண்ணீர் பட்டுவிடக் கூடாதென்று பாசத்தோடு லேமினேஷன் போட்டு, பிறகு பல்கலைக்கழக கவுன்டரில் "யாருய்யா இத உங்கள போடச் சொன்னது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அன்றைக்குச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது மகள் காதில் கேட்டார்: "ரசீது எதுவும் குடுக்க மாட்டாங்களாம்மா?"

"கேட்டா சிரிப்பாங்க நைனா."

"சிரிச்சா சிரிக்கட்டும். துணிக்கே ரசீது தர்றோம்."

இப்போது அந்த நியாயம் நினைவுக்கு வந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் ஏறியது.

"உக்காரும்மா" என்றார் சுந்தரமூர்த்தி. "வந்ததும் வராததுமா இன்னா இது? எங்க போற?"

"புனேவுக்கு சார். ஆராய்ச்சி நிறுவனம். திங்கக்கிழமை காலைல ஒரிஜினலோட சேரணும். இல்லாட்டி லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"சம்பளம் ஜாஸ்தியா?"

"வேலை நல்ல வேலை சார்."

அது உண்மைதான். அவளுடைய ஆராய்ச்சி, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களைப் பற்றியது. பக்கத்து நட்சத்திரத்தின் உடம்பிலிருந்து இன்னொன்று வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லட்சம் வருஷத்தில் அந்த ஜோடி என்ன ஆகும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை ஓடி முடிக்கப் பதினோரு நாள் ஆகும். புனேக்காரர்கள் அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் தருகிறோம் என்றார்கள். கூடவே, சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு இதைப் புதுவிதமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களையும் நீதான் செய்யவேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த 'படிக்கணக்கு' யோசனைதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

வம்பும் அந்தப் படிக்கணக்கில்தான் ஆரம்பித்தது.

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று ஊரே சொல்லும். யோகலட்சுமியின் இயற்பியல் மாணவர்கள் மூன்று வருஷமும் சேர்த்து எழுபத்து மூன்று பேர். ஐந்து படிக்கு ஒருவராக நிறுத்தினால் கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கால்குலேட்டர். கீழே இருப்பவன் ஒரு சீட்டில் நாலு எண் எழுதிக் கொடுப்பான்: சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, சூரியனிலிருந்து பூமி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது. வாங்கியவள் சூரியனின் இழுப்பைக் கணக்கிட்டு, ஐந்து நாள் கழித்துப் பூமி எங்கே இருக்கும் என்று எழுதி மேலே கொடுப்பாள். அடிப்படியில் ஜனவரி ஒன்று, உச்சிப்படியில் டிசம்பர் முப்பத்தொன்று. லட்சக்கணக்கில் விலையுள்ள கம்ப்யூட்டர் செய்வதை எழுபத்து மூன்று பேர் படியில் நின்று செய்வார்கள்.

இதில் ஒரு சூதும் வைத்திருந்தாள். முதல் தடவைக்கு அவள் கொடுத்த கணக்கு முறை வேண்டுமென்றே மட்டமான முறை. அதில் ஒவ்வொரு படியிலும் துளித்துளியாகப் பிழை சேரும். பூமி வட்டமாகச் சுற்றாமல் வெளியே வெளியே விலகும். வருஷம் முடியும்போது வீட்டுக்குத் திரும்பாமல் செவ்வாய் கிரகத்தின் பாதையையும் தாண்டி எங்கேயோ தெருவில் நிற்கும். பிள்ளைகள் பதறவேண்டும், தங்களுடைய சீட்டுகளைத் தாங்களே துருவித் துருவிப் பார்க்கவேண்டும். அடுத்த தடவை, வேகத்தை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு இடத்தை மாற்றுங்கள் என்று சொல்வாள். அந்த வரிசையை மாற்றினாலே போதும், பூமி சமர்த்தாக வீட்டுக்கு வந்துவிடும். அதுதான் பாடம்.

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். படிபூஜைக்கு வந்த ஒரு அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறியவர், வழியில் உட்கார்ந்திருந்த விஷ்ணுவின் கால்குலேட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். அவன் பக்தியோடு கும்பிட்டான். பத்து மணி வாக்கில் கடைசிச் சீட்டு யோகலட்சுமியின் கைக்கு வந்தது.

பூமி துல்லியமாக வீட்டுக்கு வந்திருந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இடம் வரை பிசகில்லாமல்.

அந்த முறையில் அந்த விடை வரவே வராது. கார் ரோட்டு வழியாக மேலே வந்து காத்திருந்த சுந்தரமூர்த்தி கைதட்டினார், போட்டோ எடுத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் வாட்சப்பில் போட்டும் முடித்தார்.

வீட்டுக்குப் போய் எழுபத்து மூன்று சீட்டையும் தரையில் பரப்பினாள். ஐம்பத்தேழு வரைக்கும் பூமி ஒழுங்காக வழிதவறிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டாவது சீட்டில் ஒரே தாவு. ஐந்து நாளில் இருபத்தேழு கோடி கிலோமீட்டர் எகிறிப் பூமி சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே இருந்த பதினைந்து பேரும் கணக்கே போடவில்லை. வட்டத்தை எழுபத்து மூன்றாகப் பிரித்து, விடையிலிருந்து கணக்குக்கு வந்திருந்தார்கள்.

அவளுக்கு இந்த நோய் தெரியும். பெண்டுலத்தை ஆட்டி புவியீர்ப்பை அளக்கும் சோதனையில் யாருக்கும் எட்டரை வந்ததில்லை, பதினொன்று வந்ததில்லை. நூல் இற்றுப்போயிருந்தாலும், ஸ்டாப்வாட்ச் ஓடவே ஓடாவிட்டாலும், எல்லாருடைய ரெக்கார்டு நோட்டிலும் ஒன்பது புள்ளி எட்டுதான். விடை தெரிந்த கணக்கில் விடை வராமல் போவது இவர்களுக்கு அசிங்கம். அது தெரிந்தும் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது தன்னுடைய தப்பு என்று யோகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை வகுப்பில் கேட்டாள்: "ஐம்பத்தெட்டு யாரு?" எழுபத்து மூன்று தலையும் மேஜையைப் பார்த்தது.

அன்றைக்கே பிரின்சிபாலிடம் போய், பிள்ளைகள் போட்ட கணக்கு தப்பு என்று சொல்லியும்விட்டாள். அவர் வணிகவியல்காரர்.

"விடை சரியாத்தானேம்மா இருக்குது?"

"ஆங் சார், சரியா இருக்கு. அதான் தப்பு."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் பேனர் அச்சுக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை கல்லூரிக்குத் தரம் போட வெளியிலிருந்து குழு வருகிறது. கேட்டைத் தாண்டியதும் கண்ணில் படுகிற மாதிரி, மலைப் படத்தின் மேல் அச்சுப் பிசகாத ஒரு வட்டம். அடியில் '365 படி, 365 நாள்: நம் மாணவர் கண்ட பூமியின் பாதை' என்று ஆளுயர எழுத்து.

இதெல்லாம் போன நாலு நாளில் நடந்தது. இன்று புதன்.

சுந்தரமூர்த்தி எழுந்து பீரோவைத் திறந்தார். அவருக்கு அவள்மேல் பகை எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தரம் குறைந்தால் அடுத்த வருஷம் அட்மிஷன் படுத்துவிடும், நிர்வாகம் அவரைத்தான் உரிக்கும். அடுக்கிலிருந்து நீல ஃபைல் ஒன்றை உருவி மேஜைமேல் வைத்தார். ஓரத்தில் லேமினேஷன் மினுக்கியது. அப்பா போட்டது.

"தரமாட்டேன்னு நா சொல்லவே இல்லியே" என்றார். "மூணு மாச நோட்டீஸ்கூட வேணாம். எடுத்துகினு போ. நல்லா இரு. ஒண்ணே ஒண்ணு."

ட்ராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனரில் இருந்த அதே வட்டம், சின்னதாக. அடியில் ஒரு வரி: 'சோதித்துச் சரிபார்த்தேன்.' அதற்கும் அடியில் கோடு.

"குழுவுல ஒரு பிசிக்ஸ் ஆளு வர்றாராம். பொறுப்பாசிரியர் கையெழுத்து இருந்தா கேள்வி வராது. நீ வெள்ளிக்கிழமை வரவே வேணாம். பொண்ணு ஒண்ணு பேசும், அதுக்கே மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டேன். ஒரு கையெழுத்தும்மா. மூணு செகண்டு."

யோகலட்சுமி ஃபைலைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி.

சொல்லப்போனால் ஆசை வந்தது. யாருக்கு நஷ்டம்? பூமி நிஜமாகவே வட்டமாகத்தானே சுற்றுகிறது? ஏறக்குறைய. வருகிற பிசிக்ஸ் ஆள் ஒரு வடை தின்றுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போகப்போகிறார். கை பேனாவை எடுக்கவும் எடுத்தது. பையிலிருந்து வந்தது சிவப்புப் பேனா, பேப்பர் திருத்துகிறது.

"சார், கூப்ட்டீங்களாமே?" என்று கதவை அரையடி தள்ளிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. மூன்றாம் வருஷம் மோனிகா. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், வகுப்பில் முதல் மார்க்.

"வாம்மா வா. மேடத்துக்கு ஒரு தடவ சொல்லிக் காட்டு."

மோனிகா உள்ளே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். "மாண்புமிகு குழுவினருக்கு வணக்கம். எங்கள் மாணவர்கள் எழுபத்து மூன்று பேரும் எவ்விதப் பிழையுமின்றி…" அங்கே நின்றுவிட்டது. "எவ்விதப் பிழையுமின்றி" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மேலே போகவில்லை. கண் மேஜைக்கு வந்தது. தாளையும் சிவப்புப் பேனாவையும் பார்த்தது.

"மேம், நீங்க கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"ஏன் கேக்கற?"

"போட்டா… அப்ப அது சரின்னு ஆயிடும் இல்ல மேம்?"

"எது?"

மோனிகா உதட்டைக் கடித்தாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "ஐம்பத்தெட்டு நான்தான் மேம். எனக்கு சூரியன்லருந்து தூரம் ஒண்ணு புள்ளி அஞ்சு மூணு வந்துச்சு. செவ்வாய் ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டுன்னு நீங்கதான போர்டுல போட்டீங்க. பூமி செவ்வாயத் தாண்டிப் போச்சு மேம்! நா மூணு தடவ போட்டுப் பாத்தேன், அதே வருது. மேல பிரின்சிபால் சார் வேற மாலையோட நின்னுகினு இருந்தாரு. எவனோ கீழ சொதப்பிட்டான், இப்புடியே மேல போச்சுன்னா மேம் மானம் போயிடும்னு… நான்தான் மேல இருந்தவங்களுக்கெல்லாம் கத்திச் சொன்னேன், வட்டத்துக்குத் திருப்பிடுங்கடான்னு."

"என் மானமா?"

"ஆங் மேம்."

யோகலட்சுமிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அடியே, எழுபத்து மூணு பேர்ல கணக்க ஒழுங்கா போட்டுட்டு, இது செவ்வாயத் தாண்டிடுச்சுன்னு கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீதாண்டி. அதக் கத்திச் சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னத் தோள்ல தூக்கிகினு ஏறியிருப்பேன்."

மோனிகா திருதிருவென்று விழித்தாள். "அப்ப அஞ்சு மூணு சரியா?"

"நா குடுத்த முறைக்கு அதான் சரி. முறைதான் தப்பு. அத நீங்க கண்டுபிடிக்கணும்னுதான் குடுத்தேன்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா மேம்?" என்றாள் மோனிகா. குரலில் நிஜமான கோபம். "நா நாலு நாளா சோறு திங்கல."

அந்தக் கோபம் யோகலட்சுமிக்குப் பிடித்திருந்தது. அவள் நீல ஃபைலைப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய இளங்கலை மார்க் ஷீட் இருந்தது. செய்முறைத் தேர்வு, ஐம்பதுக்கு ஐம்பது. அன்றைக்கு அவளுடைய பெண்டுலம் காட்டியது ஒன்பது புள்ளி ஒன்று. பக்கத்து மேஜைப் பெண் காதோரம் சொன்னாள், "புள்ளி எட்டுன்னு ஆக்கு." ஆக்கினாள். டாக்டர் பட்டத்துக்கு எழுதிய முதல் ப்ரோகிராமில் ஒரு கூட்டல் குறியைத் தப்பாகப் போட்டு, அதற்கு ஈடுகட்ட இன்னொரு தப்பும் தானாக அமைந்து, அழகான விடை வந்தபோதுகூட சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மாசம் கழித்து நட்சத்திரம் ஒன்று பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மோனிகாவைத் திட்டுவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது?

"உன் சீட்டு இருக்கா? மொதல்ல போட்டது?"

மோனிகா பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து உறையைக் கழற்றினாள். உள்ளே நாலாக மடித்த காகிதம். கசங்கி, ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. நாலு எண், ஓரத்தில் பென்சிலில், 'செவ்வாய்????' என்று நாலு கேள்விக்குறி.

"இன்னாம்மா நடக்குது?" என்றார் சுந்தரமூர்த்தி. "கையெழுத்துக்கு வந்தோம். நீ எதையோ திருத்திகினு இருக்க."

யோகலட்சுமி கசங்கிய சீட்டை வட்டப்படத்தின் மேலேயே வைத்து நீவிவிட்டாள். கால்குலேட்டரை வாங்கி ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஐந்து மூன்று. சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு டிக் அடித்தாள். அடியில் 'சோதித்துச் சரிபார்த்தேன்' என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, மோனிகாவிடம் நீட்டினாள்.

"இந்தா. வெள்ளிக்கிழமை எத வெச்சுகினு பேசறதுன்னு நீயே பாத்துக்கோ. உன் கணக்கு, உன் வாய்."

பிரின்சிபாலின் கோடு காலியாகவே இருந்தது.

"யோகலட்சுமி" என்றார் அவர், முதல் முறையாக முழுப் பெயரில். "விளையாடாத. இந்த ஃபைலு பீரோவுக்குள்ள போச்சுன்னா திரும்ப வெளிய வராது. டூப்ளிகேட்டுக்கு அலைஞ்சா மூணு மாசம் ஆவும். புனே போயிடும்."

"போனாலும் போவும் சார்." சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டாள். "திங்கக்கிழமை ஜெராக்ஸ எடுத்துகினு போறேன். ஒரிஜினல் எந்த பீரோவுல இருக்குது, ஏன் இருக்குதுன்னு சொல்றேன். இந்தக் கதை மொத்தத்தையும் சொல்றேன். சேத்துகினா சேத்துகட்டும். இல்லாட்டி அம்மையார்குப்பத்துல தறி இருக்குது, வீட்ல லேப்டாப் இருக்குது, என் நட்சத்திரம் அதுலயே பதினோரு நாள்ல ஓடி முடிஞ்சிடும்."

"அப்ப இது?" அவர் நீல ஃபைலைத் தட்டினார்.

"பத்திரமா வைங்க. நைனா பாத்துப் பாத்து லேமினேஷன் போட்டது. நா படிச்சது அதுக்குள்ள இல்ல சார்."

எழுந்தாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பையை மாட்டினாள். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் காலையிலேயே பையில் வைத்திருந்தாள். அதை எடுத்துக் காலிக் கோட்டின்மேல் வைத்தாள்.

"அப்புறம் சார், சனிக்கிழம காலைல பசங்கள மறுபடியும் படிக்குக் கூட்டிகினு போறேன். சரியான முறைய இன்னும் சொல்லிக் குடுக்கல."

"நீதான் வேலையவே விட்டுட்டியே! யார் பர்மிஷன்ல கூட்டிகினு போவ?"

"படி உங்க காலேஜுது இல்ல சார். முருகனுது."

மோனிகா பக்கென்று சிரித்துவிட்டு, பிரின்சிபால் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். யோகலட்சுமி அதற்குள் கதவுக்கு வெளியே வந்திருந்தாள். தண்ணீர்க் குழாயண்டை நின்ற பிரேமா கண்ணாலேயே, 'கேட்டுட்டியா?' என்றாள். யோகலட்சுமி, 'கேட்டுட்டேன்' என்று தலையாட்டிவிட்டு நிற்காமல் நடந்தாள். வராந்தா முடிகிற இடத்தில் பின்னாலிருந்து தடதடவென்று செருப்புச் சத்தம்.

"மேம்! மேம், சனிக்கிழம நா எந்தப் படியில நிக்கறது?"

"அதே படி" என்றாள் அவள், திரும்பாமல். "பாட்டரி மாத்திகினு வா."